வெங்காயப் பையும் ஃப்ரூட்ருங்கும்

ஜெர்மனியின் எசன் நகரில் இருந்த நாலு வருடமும் எங்கள் வீட்டுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் எல்லாம் வந்தது ஆல்டி என்ற மலிவுவிலை மளிகைக் கடையின் நீல வெள்ளைப் பையில்தான். சாய்வாக ஓடும் பட்டைகள், நடுவில் கடையின் பெயர். வீட்டுக்கு வந்ததும் அதுவே குப்பைப் பை. அதை ஒரு பேராசிரியர் வடிவமைத்தார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்தப் பேராசிரியர், ஜெர்மன் ஓவியர் கூன்டர் ஃப்ரூட்ருங்க். 1970-இல் 400 மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த வேலை அது. அப்போது மியூனிக் கலைக்கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1968-இல்தான் காசல் நகரின் பெரிய நவீனக் கலைக் கண்காட்சியான டாக்குமென்டாவில் அவர் ஓவியங்கள் இருந்தன. இந்தப் பைக்காக மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டார் என்றும் சொல்வார்கள். (ஆல்டி என்பது வடக்கு, தெற்கு என்று இரண்டு நிறுவனங்கள். பை வடக்கு ஆல்டிக்கு. மியூனிக்கில் இருப்பதோ தெற்கு ஆல்டி. மனிதர் தன் ஊரில் காய்கறி வாங்கினால் அந்தப் பை கிடைத்திருக்காது!)

அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் பையில் ஆரம்பித்து பையிலேயே முடித்துவிடுகிறார்கள். சரி, நானும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன். 'இவ்வளவு பெரிய ஓவியர் கேரிபேக் போட்டாரே' என்று ஒரு கூட்டம் உச்சுக்கொட்டுகிறது. 'கலையைச் சமையலறைக்கே கொண்டுவந்தார்' என்று இன்னொரு கூட்டம் புல்லரிக்கிறது. எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. அந்தப் பையில் அவருடைய கோடு இருக்கிறது, அவ்வளவுதான். ஓவியம் இல்லை.

அவருடைய நூற்றாண்டையொட்டி 2023-இல் மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய பாரிஸ் கால ஓவியங்களை வைத்திருந்தார்கள். ஒன்றின் முன்னால் நின்றேன். கறுப்பும் பச்சையும் அகலப் பட்டைகளாகச் சாய்ந்து ஓடுகின்றன. இடையில் சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு சிவப்புக் கோடு. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்பு அதிர ஆரம்பித்தது. பச்சை மேலே வந்தது. கண் சிமிட்டினால் கறுப்பு மேலே வந்தது. எது தரை, எது கோடு என்று பிடிபடவில்லை. பட்டைகள் கேன்வாஸ் விளிம்பில் நிற்காமல் வெட்டிக்கொண்டு வெளியே போய்விடுகின்றன. கண் உட்கார ஓர் இடம் இல்லை. உண்மையில் லேசாகத் தலை சுற்றியது. வெங்காயம் தூக்கிய நாலு வருடத்தில் ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

இந்த இடத்துக்கு வர அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. பதினெட்டு வயதில் தானாகவே போருக்குப் போய்ப் படுகாயத்தோடு திரும்பியவர். 1952-இல் பாரிஸில் ஓவியர் ஃபெர்னான் லெஜேயின் பட்டறை, அப்புறம் சிற்பி ழான் ஆர்ப்பிடம் வேலை. ஆரம்ப ஓவியங்களில் வட்டம், சதுரம், கம்பி எல்லாம் மிதக்கும். வெறும் வடிவங்களை வைத்தே வரைந்த ரஷ்ய ஓவியர் மாலேவிச்சின் சாயல் நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் சாய்பட்டை மட்டும் மிஞ்சியது. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார் என்று குறை சொல்பவர்கள், இரண்டு ஓவியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்பேன்.

1982 டிசம்பரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 59.

ஆல்டி அந்தப் பிளாஸ்டிக் பையை நிறுத்திவிட்டது. வீடு மாறியபோது கொண்டுவந்த ஒன்று மட்டும் எங்கள் பரணில் இருக்கிறது. கண்காட்சி பார்த்துவிட்டு வந்த அன்று அதை இறக்கிப் பார்த்தேன். உள்ளே பழைய செருப்பு.