மதகைத் திறக்கும் கையும் கடமையும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேற, தென்பெண்ணை கடலூர் வரை கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அதிலிருந்து இங்கே இரண்டே பேச்சு. "முன்னாடியே திறந்திருக்கணும்." "இவ்வளவு மழை வரும்னு யாருக்குத் தெரியும்?" அந்த இரவுக்குத் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. இரண்டுக்கும் அடியில் கிடக்கும் கேள்விதான் முக்கியம்: ஒருவரின் கடமையை முடிவு செய்வது உண்மை நிலவரமா, அவர் மனம் நம்புவதா?

ஓர் அணை, 7 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி), முழுக்க நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள். பெருமழை வரலாம், வராமலும் போகலாம். 3 டி.எம்.சி.யை இன்றே காலி செய்தால், மழை வந்தால் கரையோரம் தப்பும். பொய்த்தால் ஆயக்கட்டு, அதாவது அணைநீரை நம்பிய பாசன நிலம், காயும். திறக்காமலே வைத்தால் அப்படியே தலைகீழ். மூன்றாவது வழி, நாள் முழுக்க விநாடிக்கு 11,500 கன அடி விடுவது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 1 டி.எம்.சி. போகும். கொஞ்சம் இடம் கிடைக்கும், பயிருக்கும் பெரும்பங்கு மிஞ்சும்.

மழை வந்தாலும் வராவிட்டாலும் பின்னால் கணக்குப் பார்த்தால் இந்த மூன்றாவது வழி சிறந்ததாக இருக்காது. இது இப்போதே தெரியும். ஆனாலும் பொறுப்பான பொறியாளர் இதைத்தான் செய்ய வேண்டும். கடமை உண்மை நிலவரத்தை மட்டுமே பொறுத்தது என்றால் இதைத் தவறு என்று சொல்ல வேண்டிவரும். அந்த வாதம் எனக்கு இங்கேதான் நிற்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் தத்துவ அறிஞர் பிரிச்சார்ட் 1932இல் சொன்னதும் இதுதான்: பெரிய சாலை குறுக்கிடும் இடத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், அங்கே வண்டியே வரவில்லை என்றாலும். அவர் வாதத்தை ஏற்று, இன்னொரு தத்துவ அறிஞர் ராஸ், உண்மை நிலவரமே கடமையை முடிவு செய்கிறது என்ற தன் பழைய நிலைப்பாட்டையே 1939இல் மாற்றிக்கொண்டார்.

அதற்காக "என் மனசுக்குப் பட்டதைச் செய்தேன்" என்பதையும் ஒத்துக்கொள்ள முடியாது. மழைமானியைப் பார்க்காமல், ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் அணையின் நீர்வரத்தைக் கேட்காமல், 'மழை வராது' என்று ஒருவர் மனதார நம்பலாம். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் கடமை தவறிவிட்டார். கையில் இருந்த தகவலும், கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் தகவலும் சேர்ந்துதான் கடமையைத் தீர்மானிக்கின்றன. இது ஆளுக்கு ஆள் மாறும் விஷயமே இல்லை. பதிவேட்டை எடுத்து யாரும் சரிபார்க்கலாம்.

உண்மை நிலவரமே கடமை என்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. சாத்தனூருக்கு மேலே இருக்கும் கிருஷ்ணகிரி அணைக்கு போன் போட்டு "நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்பவர், தன் நம்பிக்கையைப் பற்றியா கேட்கிறார்? உண்மை நிலவரத்தைத்தானே? ஆமாம். ஆனால் பதில் வந்த நொடியே அவர் கையிலிருக்கும் தகவல் மாறுகிறது, கடமையும் கூடவே மாறுகிறது. அந்த போனைப் போடுவதும் கடமைதான்.

அதனால் அடுத்த வெள்ளம் வடிந்த பிறகு "மழை வரும்னு தெரியுமா, தெரியாதா" என்பதோடு நிறுத்தாதீர்கள். நீர்வரத்து எத்தனை மணிக்கு எவ்வளவு என்று குறித்தார்கள், மேலே இருக்கும் அணையிலிருந்து தகவல் எப்போது வந்தது, அதற்கும் ஷட்டர் தூக்கியதற்கும் இடையில் எத்தனை மணி நேரம், ஒலிபெருக்கி கட்டிய வண்டி எந்தெந்த ஊருக்கு எப்போது போனது என்று கேளுங்கள்.