வீடு மாற்றும் நாளில் ஒரு வண்டி நிற்க இடம்

தை மாத முகூர்த்த ஞாயிறு. மேற்கு மாம்பலத்தில் அக்கா வீடு மாற்றினார். புது வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. விடிவதற்குள் பால் காய்ச்சி, சாமி படம், உப்பு, பருப்பு, ஒரு குடம் தண்ணீர் எல்லாம் உள்ளே வைத்தாயிற்று. எட்டரைக்குச் சாமான் ஏற்றிய எய்ச்சர் வண்டி வந்தது. நிற்கத்தான் இடமில்லை.

முந்தின நாள் இரவே வாசலில் என் பைக்கையும் மாமாவின் ஸ்கூட்டரையும் போட்டு இடம் பிடித்திருந்தோம். அதற்குப் பக்கத்திலேயே உறை போட்ட கார் ஒன்று. அது நகர்ந்தால்தான் வண்டி ஒதுங்க முடியும். கார்க்காரர் ஊரில் இல்லை, போன் எடுக்கவில்லை. சரி, நடுத்தெருவிலேயே நிறுத்தி இறக்கலாம் என்றால், பின்னால் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடிக்கிறது. டிரைவர் ரிவர்ஸ் எடுத்துத் தெருமுனைக்கே போய்விட்டார்.

அங்கிருந்து வாசல் வரைக்கும் நூற்றைம்பது காலடி. நானே எண்ணிப் பார்த்தேன், ஏனென்றால் வாஷிங் மெஷினின் ஒரு பக்கத்தை நானும் பிடித்திருந்தேன். லோடுமேன்கள் நான்கு பேர். அதில் மூத்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பீரோவுக்குக் கயிறு கட்டி, தோளில் துண்டை மடித்துப் போட்டு, அவரும் ஓர் இளைஞரும் தூக்கி வந்தார்கள். நடுவழியில் இறக்கி வைக்கவும் முடியாது, இருபக்கமும் வண்டிகள். மாடிப்படி முதல் திருப்பத்தில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அக்கா பேசிய கூலிக்கு மேல் ஆயிரத்தைந்நூறு கொடுத்தார். அந்த முழங்காலுக்கு அது ஈடாகுமா?

இதைத் தம்பியிடம் போனில் சொன்னேன். அவன் ஜெர்மனியில் இருக்கிறான். அங்கே வீடு மாற்றுகிறவர்கள் நகராட்சியில் அனுமதி வாங்கி, வாசலில் தற்காலிக 'நிறுத்தாதே' பலகை வைக்கலாம். எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று பலகையிலேயே இருக்கும். பலகை வைக்கும்போது அங்கே ஏற்கெனவே நிற்கும் கார்களின் நம்பரையும் குறித்து வைத்துக்கொள்வார்கள். இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பலகை வைப்பதற்கு முன்பே வந்து நின்றவரையும் பலகையைப் பார்த்தும் நிறுத்தியவரையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது அல்லவா?

அங்கே டூசல்டோர்ஃப் நகரத்தில் ஒரு பெண் 2013-ல் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு விடுமுறைக்குப் போயிருக்கிறார். மறுநாள் யாரோ வீடு மாற்றுவதற்காக அங்கே பலகை வந்தது. காரை இழுத்துப் போய்விட்டு, செலவை அவரிடமே கேட்டார்கள். வழக்கு உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போனது. 2018-ல் தீர்ப்பு: பலகை வைத்தபின் முழுதாக 3 நாள் போயிருக்க வேண்டும், அப்போதுதான் கார்க்காரரிடம் செலவைக் கேட்கலாம். வீடு மாற்றுகிறவருக்கு இடம், கார் வைத்திருப்பவருக்கு அவகாசம். இரண்டு பேரையும் நினைத்துப் போட்ட கணக்கு.

நம்மிடம் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-வது பிரிவு போக்குவரத்துப் பலகை வைக்க அதிகாரம் தருகிறது. 117-வது பிரிவு வண்டி நிறுத்தும் இடங்களைத் தீர்மானிக்க அதிகாரம் தருகிறது. தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை அகற்ற 127-வது பிரிவு இருக்கிறது. சினிமா ஷூட்டிங்குக்குத் தெருவில் அனுமதி வாங்க வழி இருக்கிறது. குழாய் பதிக்க ரோட்டை வெட்டவும் வழி இருக்கிறது. வாடகை வீட்டுக்காரர் ஒருவர் அரை நாளைக்கு இருபதடி இடம் கேட்டால் எங்கே போய் நிற்பது?

வழி இல்லாததால்தான் கல்லும் பூந்தொட்டியும் உடைந்த நாற்காலியும் சட்டமாகிவிட்டன. சொந்த வீட்டுக்காரர் வாசலில் தொட்டி வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். தெருவுக்குப் புதிதாக வருகிறவர் ஒரு பக்கெட்டை வைத்தால், "இது என்ன உங்க அப்பன் வீட்டு ரோடா?" அக்காவும் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டார், பால் காய்ச்சிய அன்றைக்கே.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. வார்டு அலுவலகத்தில் ஒரு பக்க விண்ணப்பம், சாதாரணக் குடும்பம் கட்டக்கூடிய ஒரு கட்டணம், மூன்று நாள் முன்பே வாசலில் தேதி போட்ட பலகை. நிரந்தரமாக யாருக்கும் இடம் எழுதித் தர வேண்டாம்.

திங்கட்கிழமை அந்தக் கார்க்காரர் வந்துவிட்டார், இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். வெள்ளி இரவு ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போனாராம். "புதன்கிழமையே ஒரு பேப்பர் ஒட்டியிருந்தா எடுத்து வச்சிட்டுப் போயிருப்பேனே, தம்பி" என்று வருத்தப்பட்டார். அவரும் இந்தத் தெருவுக்கு வந்தபோது தெருமுனையிலிருந்துதான் கட்டிலைத் தூக்கி வந்திருக்கிறார். கவுன்சிலரிடம் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து அவருடையது.