திரும்பத் திரும்ப அதே ஆட்டம்!

பழைய வீடியோ கேமையே மெருகேற்றித் திரும்ப விற்கும் இன்னொரு ரீமாஸ்டர் என்று காதில் விழுந்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. சோனிக்குப் புதுசாக ஒன்றுமே தோன்றாதா? 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2013-ல் வந்தது. மறு வருஷமே சோனியின் கேம் கருவியான பிளேஸ்டேஷன் 4-க்கு ரீமாஸ்டர். 2022-ல் அதையே அடியிலிருந்து திரும்பக் கட்டி பிளேஸ்டேஷன் 5-க்கு விற்றார்கள். அதே கதை, அதே அழுகை, மூன்று தடவை காசு! இரண்டாம் பாகம் வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை, அதற்கும் 2024-ல் ரீமாஸ்டர். 2017-ல் வந்த 'ஹொரைசன் ஜீரோ டான்' இன்றைக்கும் கண்ணைப் பறிக்கிறது. அதையும் விடவில்லை. யார் கேட்டார்கள்?

இவர்கள்தானே 2001-ல் 'இக்கோ'வைக் கொடுத்தார்கள்? கொம்பு முளைத்த பையன் ஒருவன், ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டையை விட்டுத் தப்ப வேண்டும். அவள் பேசுவது அவனுக்குப் புரியாது. அவள் கையை விட்ட மறுநொடி நமக்கு நெஞ்சு பதறும். 2005-ல் 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்'. ஆளரவமற்ற வெட்டவெளி, பதினாறு பூதங்கள், வேறு எதிரியே கிடையாது. இப்படி ஒரு யோசனையோடு இன்று போனால் வாசலையாவது தாண்ட முடியுமா?

அவற்றைச் செய்த ஜப்பான் ஸ்டுடியோவை 2021-ல் கலைத்துவிட்டார்கள். கலைத்தே விட்டார்கள்! அதில் மிஞ்சிய டீம் அசோபி என்ற குழு 2024-ல் 'ஆஸ்ட்ரோ பாட்' செய்து ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியது. அந்த கேமில் இக்கோவும், ஜப்பான் ஸ்டுடியோவின் இன்னொரு கேமான 'கிராவிட்டி ரஷ்' நாயகியும் குட்டி ரோபோக்களாக வந்து நிற்கிறார்கள். இனி அவர்களைப் பொம்மையாக மட்டும்தான் பார்க்க வேண்டுமா?