காத்திருக்கும் நேரம் யாருடைய கணக்கு?

லாரி, பேருந்து ஓட்டுநர்களின் பணி நேர விதிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டலாம் என்ற ஒரே கேள்வியோடு விவாதம் நின்றுவிடுகிறது. ஸ்டியரிங்கைத் தொடாமல் கழியும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி என்று நான் கருதுகிறேன்.

வரம்புகள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. நெடுந்தூரத் தடங்களில் உரிய அதிகாரியின் ஒப்புதலோடு அதை 10 மணி நேரமாகவும் 54 மணி நேரமாகவும் நீட்டிக்க அது இடம் தந்தது. 5 மணி நேர வேலைக்குள் அரை மணி நேர இடைவேளை, ஒரு நாள் பணி முடிந்து அடுத்த நாள் பணி தொடங்கும்வரை தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு என்பனவும் அதில் இருந்தன. ஆனால், முனையத்தில் சும்மா காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் அது பணி நேரமாகக் கொள்ளப்படும் என்றும் அதே சட்டம் கூறியது. பேருந்தை மனத்தில் வைத்து எழுதிய வரியாகத்தான் எனக்கு அது படுகிறது. சரக்கு லாரிக்கு அது சிறிதும் பொருந்தாது.

கிடங்கு வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். முன்னால் ஒரு வண்டி உள்ளே போனால் இவர் பத்தடி நகர வேண்டும். எந்த நேரத்தில் எண்ணைக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. கூப்பிடும்போது கேபினில் ஆள் இல்லையென்றால் முறை போய்விடும். கண்ணயர முடியாத இந்த ஏழெட்டு மணி நேரம் பதிவேட்டில் ஓய்வாகிவிடுகிறது. லோடு ஏறியதும், 'ஓய்வெடுத்த' அந்த மனிதர் இரவு முழுவதும் ஓட்டத் தகுதியானவராகிவிடுகிறார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினை வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் செருகினால் வண்டி சுமார் 67 மீட்டர் தானாக ஓடியிருக்கும்.

காத்திருப்பைக் கணக்கில் சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அமெரிக்காவில் பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். வாசலில் நின்றாலும் அந்த 14 மணி நேரக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். விதி நல்லதுதான், ஆனால் கிடங்கு விழுங்கிய நேரத்தின் இழப்பு மைல் கணக்கில் சம்பளம் வாங்கும் ஓட்டுநர் தலையில்தான் விழுகிறது. இழந்ததை ஈடுகட்ட அவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். நடைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கும் நம் முறையிலும் இதே கதைதான். 'ஓட்டுநர்களே கூடுதல் நடை கேட்கிறார்களே' என்று முதலாளிகள் சொல்வது பொய்யல்ல. நின்ற நேரத்துக்குக் காசில்லை என்று ஆக்கிவிட்டால் யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள்.

இவ்விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதிமுறையை நான் மதிக்கிறேன். நாளுக்கு 9 மணி நேர ஓட்டம், நாலரை மணி நேரத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளை, இரண்டு வாரங்களில் மொத்தம் 90 மணி நேரம் என்ற எண்களுக்காக அன்று. அதன் 10ஆவது பிரிவுக்காக. சாலைப் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் வகையில் தூரத்தையோ சரக்கின் அளவையோ வைத்துக் கூலி கொடுப்பதை அது தடுக்கிறது. ஓட்டுநர் செய்யும் மீறலுக்கு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. சரக்கு அனுப்புபவரும் இடைத்தரகரும் ஒப்புக்கொள்ளும் கால அட்டவணை இந்த வரம்புகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அவசரத்தை உண்டாக்குபவரையும் பொறுப்புக்குள் இழுக்கும் ஏற்பாடு இதுதான்.

நாமோ எதிர்த்திசையில் நடக்கிறோம். ஐந்து தொழிலாளர்கள் இருந்தாலே 1961 சட்டம் பொருந்தியது. அதை உள்ளடக்கிய, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்தியிருக்கிறது. ஓரிரு லாரிகளை வைத்துத் தொழில் நடத்துபவர்கள் நிறைந்த துறையில் இது எத்தனை பேரை வெளியே நிறுத்தும் என்று யோசிக்க வேண்டும்.

பதிவு செய்வது கடினம் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. மாதம் முழுவதுக்கும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்பப்பட்ட பதிவேடுகளின் காலம் முடிந்திருக்க வேண்டும். வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறது. பத்து நிமிடம் நிறுத்தினால் 'ஏன் நிறுத்தினாய்' என்று அலுவலகத்திலிருந்து போன் வருகிறது. அதே கருவி, ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக இறங்காமல் ஓட்டுகிறார் என்பதையும், எந்தக் கிடங்கின் வாசலில் எவ்வளவு நேரம் நிறுத்தப்பட்டார் என்பதையும் சொல்லும். அந்த விவரத்தை ஓட்டுநரும் தொழிலாளர் ஆய்வாளரும் பார்க்கும்படி செய்து, வண்டி காத்து நின்றதற்காகச் சரக்குக்காரரிடம் வசூலிக்கும் ஹால்டிங் பணத்தில் ஓட்டுநருக்குரிய பங்கைச் சம்பளச் சீட்டில் தனியாகக் காட்டச் சொன்னால், முதலாளிகள் சங்கங்கள் என்ன பதில் சொல்லும் என்று கேட்க விரும்புகிறேன்.