இந்தியா கேட்டில் இருப்பவை யாருடைய பெயர்கள்?

தில்லி இந்தியா கேட்டில் 95,300 விடுதலைப் போராட்ட வீரர்களின் பெயர்கள் இருப்பதாக ஒருவர் பகிர்ந்திருக்கிறார். அது சரியில்லைங்க. அங்கே பொறித்திருப்பவை 13,000 சொச்சம் பெயர்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் வடமேற்கு எல்லையிலும், 1919 ஆப்கன் போரிலும் இறந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினர் அவர்கள். அதில் எத்தனையோ சாதாரணக் காலாட்படைச் சிப்பாய்கள். ஊர் திரும்பாத அவர்களில் பலருக்கு உலகத்தில் மிஞ்சிய அடையாளமே அந்த ஒரு வரிதான்.

இந்தியா கேட்டின் படம் ஒன்றை எடுத்து, வளைவின் உச்சியில் உள்ள ஆங்கில வாசகத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள், ஆப்கன் போர் என்றே இருக்கும். அப்புறம், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தில்லி நினைவுச்சின்னம் (இந்தியா கேட்) என்று தேடினால் ஒவ்வொருவரின் பதவி, ரெஜிமென்ட், இறந்த நாள் எல்லாம் இலவசமாகவே பார்க்கலாம்.