நாலு கோடு சிக்னல்

2021 நவம்பரில் பாலாறும் கௌண்டன்ய ஆறும் கரை புரண்டபோது காட்பாடியில் இருந்த என்னால், குடியாத்தத்தில் ஆற்றோரம் இருக்கும் அம்மாவிடம் "மாடிக்குப் போய்ட்டியாம்மா" என்று ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை, நாற்பது தடவையாவது அழுத்தியிருப்பேன், இணைப்புகள் எல்லாம் உபயோகத்தில் இருக்கிறதாம். போனில் மட்டும் நாலு கோடும் முழுசாக நிற்கிறது! கோடு இருந்தால் டவர் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். அதில் நமக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை; ஊரே ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அது என்ன செய்யும்.

சரி, நெரிசலாவது புரிகிறது. கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்து டவரே படுத்துவிடுகிறதே? ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர ரோடு வேண்டாமா?

கடைசியில் ஒரு எஸ்எம்எஸ்தான் எப்படியோ நுழைந்து போனது. இரண்டு மணி நேரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பையன் தட்டிவிட்ட பதில்: "மாடிலதான் கீறேன், நீ சாப்ட்டியா".

அப்புறம் 2023 அக்டோபரில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை என்று எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது ஒருவழிப் பாதை. ரீசார்ஜ் முடிய மூன்று நாள் இருக்கும்போதே ஞாபகப்படுத்திக் கூப்பிடுகிறார்களே, அந்தக் கால் மட்டும் ஒரு தடவைகூட கட்டானதில்லை.