சாயங்காலக் கிட்டாருக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்

"மனதுக்கு இதமான கிட்டார் இசை" என்று தலைப்புப் போட்டு யூடியூபில் கொட்டிக் கிடப்பதில் பெரும்பாலானதைப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் கேட்க முடியவில்லை. வாசிப்பவருக்குக் கை வராமல் இல்லை. கை கூடிப்போனதுதான் தொல்லை. மெட்டு மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஒரு ஓட்டம், ஒவ்வொரு அடிக்கும் ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு இழுப்பு, அது போதாதென்று குகைக்குள் வாசித்த மாதிரி எதிரொலி. வேகத்தை மட்டும் பாதியாக்கிவிட்டு ஸ்வரங்களை ஒன்றுகூடக் குறைக்கவில்லை என்றால் அது எப்படி இதமாக இருக்கும்?

இதமாக வாசிக்கப் பழைய பாட்டுகளிலிருந்து தொடங்கலாம். ஸ்டாண்டர்ட்ஸ் என்று ஜாஸ்காரர்கள் சொல்லும் பழைய பாட்டுகளில் பெரும்பாலானவை 1920களிலிருந்து 1950கள் வரை மேடை நாடகத்துக்கும் சினிமாவுக்கும் எழுதப்பட்டவை. வழக்கமான அளவு 32 பார், அதாவது நான்கு அடி சேர்ந்த தாளக் கட்டம் முப்பத்திரண்டு. எட்டெட்டாக நான்கு துண்டு. மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 64 அடி என்று வைத்தால் 128 அடியும் சரியாக 2 நிமிடத்தில் முடியும். ஒரு முறை மெட்டு, மறுமுறை லேசான மாற்றத்தோடு அதே மெட்டு, 4 நிமிடத்தில் எழுந்துவிடலாம். 50க்குக் கீழே போனால் கிட்டார் தாங்காது. கம்பியைத் தட்டிய கணத்திலிருந்து சத்தம் தேய ஆரம்பித்துவிடும், வயலின் போல நீட்டிப் பிடிக்க வில் கிடையாது.

ஒரே ஒரு பாட்டை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். ஜோசப் கோஸ்மா பிரெஞ்சில் மெட்டமைத்து, பிறகு ஆங்கிலத்தில் 'ஆட்டம் லீவ்ஸ்' என்று உலகம் சுற்றிய பாட்டு. கிட்டாருக்கு ஈ மைனரில், அதாவது மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் ஈ-யை ஆதாரமாகக் கொண்ட மைனர் ஸ்கேலில், வைத்துக்கொள்ளுங்கள். ஏ, டி, ஈ மூன்றும் திறந்த கம்பியிலேயே கிடைப்பதால் தாழ்ந்த ஸ்வரம் வாசிக்கும் பெருவிரலுக்கு இடது கை உதவியே வேண்டியதில்லை. ஈ என்பதை ஷட்ஜமமாக வைத்தால் முதல் எட்டு பாரில் நீண்டு நிற்கும் நான்கு ஸ்வரங்கள் த, ப, ம, க. படி இறங்குவது போல ஒவ்வொன்றாக இறங்குகிறது, அவ்வளவுதான் மெட்டு. முதல் மூன்று சொற்றொடரும் நடபைரவி ராகம். நான்காவதில் தைவதமும் நிஷாதமும் ஏறி, கௌரிமனோகரி ராகம் எட்டிப் பார்க்கிறது. நம் காதுக்கு இந்தப் பாட்டு அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

இப்போது விரல். தொடக்கத்து ஈ, எஃப் ஷார்ப், ஜி மூன்றையும் 2ஆம் கம்பியில் (மெல்லியதுதான் முதல் கம்பி) 5, 7, 8ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வாசியுங்கள். முதல் கம்பியில் தலைப்பக்கத்து ஃப்ரெட்டுகளில் வாசிப்பது சுலபம், ஆனால் சத்தம் மெலிந்து தகரம் போலிருக்கும். அடுத்து வரும் நீண்ட சி முதல் கம்பி 8ஆம் ஃப்ரெட், சுண்டுவிரல். அதற்கான கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) ஏ மைனர் செவன். இதற்கு ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் முழு பார் கார்டு பிடித்து மணிக்கட்டை வருத்திக்கொள்கிறார்கள். தேவையே இல்லை. திறந்த 5ஆம் கம்பி, 4ஆம் கம்பி 5ஆம் ஃப்ரெட்டில் ஒரு ஜி, மேலே மெட்டின் சி. மூன்று சத்தத்தில் கார்டு முழுசாக வந்துவிட்டது. ஐந்தாம் ஸ்வரத்தை விட்டுவிட்டோம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

அடுத்த பார் டி செவன். சுண்டுவிரல் அப்படியே இருக்கட்டும், ஏனென்றால் அதே சி-தான் டி செவனின் ஏழாம் ஸ்வரம். பெருவிரல் திறந்த 4ஆம் கம்பியைத் தொட்டால் போதும். குறையும் எஃப் ஷார்ப்பை மெட்டே நாலாவது அடியில், 2ஆம் கம்பி 7ஆம் ஃப்ரெட்டில் கொண்டுவந்து தரும். அந்த விரலை எடுக்காதீர்கள். அடுத்து வரும் ஜி மேஜர் செவனுக்கு அந்த எஃப் ஷார்ப்தான் ஏழாவது. அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதே விரலைச் சாய்த்து முதல் கம்பி 7ஆம் ஃப்ரெட்டின் பி-யையும் மூடி, ஆள்காட்டி விரலால் 4ஆம் கம்பி 5ஆம் ஃப்ரெட்டில் ஜி வைத்தால் முடிந்தது. ஆறு கம்பியையும் ஓயாமல் இழுப்பவருக்கு இந்த ஒட்டு கேட்கவே கேட்காது.

இரண்டாம் சுற்றில் என்ன மாற்றலாம்? மெட்டை மாற்றாதீர்கள். ஓரிரு இடத்தில் அரை அடி தள்ளிப் போடுங்கள், பாடகர் வார்த்தையைத் தாமதிப்பது போல.

நைலானா ஸ்டீலா என்று கேட்டால் சாயங்காலத்துக்கு என் ஓட்டு நைலானுக்கு. ஸ்டீல் அதிக நேரம் ஒலிக்கும், உண்மைதான். ஆனால் ஓரம் கூர்மை, தாழ்ந்த சத்தத்தில் அந்தக் கூர்மைதான் முதலில் காதில் விழும். லாரிந்தோ அல்மெய்டா, சார்லி பேர்ட், எர்ல் க்ளூ என்ற ஜாஸ் கிட்டார்காரர்கள் மூவருமே நைலான் கம்பியில் விரலால் வாசித்தவர்கள். சாக்ஸபோன்காரர் ஸ்டான் கெட்ஸோடு சார்லி பேர்ட் 1962இல் செய்த 'ஜாஸ் சம்பா' ஆல்பத்தைக் கேட்டால் மென்மை என்பது பலவீனம் இல்லை என்று புரியும். ஒரு எச்சரிக்கை: நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டிவிடாதீர்கள். நைலான் செட் மொத்தமாக இழுப்பது சுமார் 40 கிலோ, சாதாரண 12 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) ஸ்டீல் செட் 70 கிலோவுக்கு மேல். ஆறு மாதத்தில் பிரிட்ஜ், அதாவது பலகையில் கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை, எழும்பி வரும்.

கம்பி கீச்சிடும் சத்தம் தனிப் பஞ்சாயத்து. உலோகச் சுருள் சுற்றிய தடித்த கம்பி மூன்றிலும் விரலை இழுத்துக்கொண்டே நகர்ந்தால் வரும். ஹெட்போனில் கேட்பவருக்கு அது பல் கூசும். விரலை முதலில் நேராக மேலே தூக்கி, பிறகு நகர்த்த வேண்டும். நகரும்போது வழிகாட்டியாக ஒரு விரல் கம்பியைத் தொட்டே ஆகவேண்டும் என்றால், அது சுற்றில்லாத முதல் மூன்று கம்பிகளில் ஒன்றாக இருக்கட்டும்.

தமிழ்ப் பழைய பாட்டுகளுக்கும் இதே கணக்குதான், கூடவே கமகம் என்ற சிக்கல். நைலானில் கம்பியை வளைத்தால் சுருதி அவ்வளவாக ஏறாது. நீண்ட ஸ்வரத்துக்கு மட்டும் ஒரு ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது) வைத்து இழுங்கள், மற்றதை நேராக விடுங்கள். பாடகர் செய்த ஒவ்வொரு அசைவையும் துரத்தினால் ஃப்ரெட் சத்தம்தான் மிஞ்சும்.

இனி நம்ம ஊர்ச் சமாச்சாரம். கிட்டார் மரத்துக்குக் காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் பிடிக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி வெயில் காலத்தில் மரம் சுருங்கும், பலகை உள்வாங்கும், கம்பி தாழ்ந்து ஃப்ரெட்டில் உரசி இரையும். கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட் முனை கையைக் கீறினால் அதுதான் அடையாளம். ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் சொட்டாமல் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்துப் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். ஐப்பசி மழையில் தலைகீழ், பலகை உப்பிக் கம்பி உயரும். நைலான் கிட்டாரில் 12ஆம் ஃப்ரெட்டில் 6ஆம் கம்பி 4 மில்லிமீட்டர், முதல் கம்பி 3 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் நிம்மதி. ஏர் கூலர் முன்னால் கிட்டாரைச் சாய்த்து வைப்பவர்கள் நடு வெயிலிலேயே ஐப்பசியை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள்.

பெங்களூரில் வாங்கி என்.எச். 44 வழியாக ஊருக்குக் கொண்டுவரும்போது, தொப்பூர்ப் பக்கம் சாப்பிட நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய கார் உள்ளே 60 டிகிரியை நெருங்கினால் பிரிட்ஜைப் பிடித்திருக்கும் பசை இளக ஆரம்பிக்கும். ஓசூர்க்காரர்களுக்கு வேறு கவலை. மாலையில் மொட்டை மாடிக்குப் போனதும் குளிரில் ஸ்டீல் கம்பி சுருங்கி சுருதி ஏறும். வெளியே பத்து நிமிடம் வைத்த பிறகு சுருதி சேர்த்தால் ஒரு முறையோடு போகும்.

பதிவு செய்ய போன் போதும். ஒலித்துளைக்கு நேரே வைக்காதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அதிர்வு பெரும்பாலான கிட்டார்களில் 100 ஹெர்ட்ஸ் பக்கம், திறந்த ஏ கம்பி 110. இரண்டும் சேர்ந்து தவில் மாதிரி முழங்கும். 12ஆம் ஃப்ரெட்டுக்கு எதிரே 40, 50 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். டைல்ஸ் போட்ட அறையில் கை தட்டினால் கணகணவென்று வருகிறதா, எதிர்ச் சுவரில் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், புழுக்கத்தை நாலு நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம்.

கேட்பவர்களுக்கும் ஒன்று. சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த ஸ்வரங்கள் முதலில் காணாமல் போகும். போன் ஸ்பீக்கருக்கோ அவை ஆரம்பத்திலிருந்தே கிடையாது. சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிச் சுவரை ஒட்டி வைத்தால் பெருவிரல் வாசித்த தாழ்ந்த ஸ்வரங்கள் திரும்ப வந்துவிடும்.

வாசிப்பவர்களே, கடைசி ஈ மைனரைத் தட்டியதும் எழுந்துவிடாதீர்கள். ஆறாம் கம்பி முழுதாக அடங்கச் சில விநாடி ஆகும். அதற்குள் நாற்காலி கிறீச்சிடுவதும், பதிவை நிறுத்தப் போனைத் தட்டும் சத்தமும் எத்தனை பதிவுகளில் கேட்கிறது தெரியுமா?